பெயர்கள் போதும், கணக்கைக் காட்டுங்கள்

ஷாபான் மாதத்தின் 29ஆம் நாள் மாலை. பொந்தியான் கெச்சிலில் ஒரு குழு மலாக்கா நீரிணைக்கு மேல் அடிவானத்தைப் பார்த்தபடி காத்திருக்கும். தொலைநோக்கி இருக்கும். நில அளவையாளர்கள் பயன்படுத்தும் தியோடலைட் கருவியும் இருக்கும். சூரியன் எத்தனை மணிக்கு மறையும், நிலா எந்தத் திசையில் எத்தனை பாகை உயரத்தில் நிற்கும், எத்தனை நிமிடம் கழித்து அதுவும் மறையும் என்பதெல்லாம் முன்பே கணிக்கப்பட்டுத் தாளில் இருக்கும். இருந்தாலும் அவர்கள் பார்க்கப் போகிறார்கள். நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ 30 இடங்கள். அன்றிரவு அரச முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் தோன்றி, நோன்பு எந்த நாளில் தொடங்குகிறது என்று அறிவிப்பார்.

நம்மில் பெரும்பாலோருக்கு அது ஓர் இரவுச் செய்தி, அவ்வளவுதான். நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு என்றால் கொஞ்சம் கூடுதல் ஆர்வம்: லீவு நாளைக்கா, நாளை மறுநாளா?

எனக்குள் எழும் கேள்வி வேறு. கணக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் ஏன் கடற்கரைக்குப் போக வேண்டும்? கண்ணால் பார்ப்பதே முக்கியம் என்றால் எதற்குக் கணக்கு? இஸ்லாமிய உலகின் அறிவியல் வரலாற்றில் பாதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். ஆனால் நாம் படித்த பாடத்தில் இந்தக் கேள்வி வந்ததாக உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

முதலாம் படிவ வரலாற்றில் இஸ்லாமிய நாகரிகம் உலகிற்கு ஆற்றிய பங்கு பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. இப்னு சினா மருத்துவம், அல்-குவாரிஸ்மி கணிதம், இப்னு அல்-ஹைதம் ஒளியியல் என்று நாம் அதைக் கோடு போட்டு இணைத்தோம். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் துறை. பல்கலைக்கழகம் வந்த பிறகும் நாகரிகப் பாடம் விடவில்லை. முன்பு அதன் பெயர் தித்தாஸ். 2013இல் அது தனியார் உயர்கல்விக் கூடங்களிலும் கட்டாயமாக்கப்பட்டபோது, நம் சமூகத்தில் எத்தனை பேர் எதிர்த்துப் பேசினார்கள் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது பாடத்தின் பெயர் மாறிவிட்டது. மாணவர் படிக்கும் முறை மாறவில்லை. தேர்வுக்கு முந்திய இரவு பெயர்களைப் பாடம் செய்து, தேர்வு முடிந்த மாலையில் மறந்துவிடுகிறோம். "இது அவர்களுடைய வரலாறு, நமக்கு மதிப்பெண் வந்தால் போதும்" என்று நம் மாணவர்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மலாய் நண்பர்களிடமும் பெரிய வேறுபாடு இல்லை. அவர்களுக்கு அந்தப் பெயர்கள் பெருமை தரும், நமக்குச் சுமையாக இருக்கும். ஆனால் அந்த மனிதர்கள் என்ன கணக்குப் போட்டார்கள் என்று கேட்டால் இரு தரப்புமே கூரையைப் பார்க்கும்.

என் கருத்து இதுதான். இந்த வரலாற்றைப் பெயர்ப் பட்டியலாகக் கற்பிப்பது வீண். அதில் கற்க வேண்டியது ஒரு பழக்கம்: கைக்கு வந்த எண்ணை, அது யாரிடமிருந்து வந்திருந்தாலும், வானத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பழக்கம். அந்த எண்களில் சில இந்தியாவிலிருந்து போனவை. ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத கதையும் அல்ல.

பிறையையே எடுத்துக்கொள்வோம். 770களில், கலீஃபா அல்-மன்சூரின் காலத்தில், சிந்துப் பகுதியிலிருந்து பாக்தாத் சென்ற தூதுக்குழுவோடு ஒரு சமஸ்கிருத வானியல் நூலும் போய்ச் சேர்ந்தது. அதை அரபுக்குக் கொண்டுவந்தார்கள். புதுப்பிறை எப்போது கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு இந்திய வானியலில் ஒரு விதி இருந்தது. சூரியன் மறைவதற்கும் நிலா மறைவதற்கும் இடையே 12 பாகை, அதாவது 48 நிமிடம் இருந்தால் பிறை தெரியும். (ஒரு பாகைக்கு 4 நிமிடம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது, வகுத்துப் பாருங்கள்.) தொடக்கக் கால முஸ்லிம் வானியலாளர்கள் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அல்-குவாரிஸ்மி அதை அடிப்படையாக வைத்துத் தம் ஊரின் அகலாங்குக்கு ஏற்ற பிறை அட்டவணையே தயாரித்தார்.

ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. 12 என்பது எல்லா மாதத்துக்கும் எல்லா ஊருக்கும் பொருந்துமா? நிலா பூமிக்கு அருகில் இருக்கும்போதும் தொலைவில் இருக்கும்போதும் ஒன்றா? அடிவானத்திலிருந்து அதன் உயரம் என்ன? அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் இவற்றையெல்லாம் சேர்த்து விதியைச் சிக்கலாக்கிக்கொண்டே போனார்கள். மாதத்தின் முதல் நாளை அறிய வேண்டும் என்ற மதத்தின் தேவை ஒரு கணிதச் சிக்கலைக் கொடுத்தது. அந்தச் சிக்கல் அவர்களை உட்கார விடவில்லை.

இந்த வேலை இன்றும் முடியவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மலேசியா, இந்தோனேசியா, புருணை, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளும் பயன்படுத்திவந்த பழைய அளவுகோலின்படி, சூரியன் மறையும்போது நிலாவின் உயரம் 2 பாகையும், சூரியனுக்கும் நிலாவுக்கும் உள்ள கோண இடைவெளி 3 பாகையும் இருந்தால் போதும். இல்லையேல், நிலா மறையும்போது அதன் வயது 8 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இதில் அந்த 3 பாகை வானியலாளர்களை நெடுங்காலமாக உறுத்திவந்தது. சூரியனுக்கு அவ்வளவு அருகில் பிறையை யாராலும் பார்க்க முடியாது. பிரெஞ்சு வானியலாளர் அந்திரே டாஞ்சோன் 1930களிலேயே, இடைவெளி சுமார் 7 பாகைக்குக் குறைந்தால் பிறை புலப்படாது என்று கூறியிருந்தார். கண்ணாலும் கருவியாலும் சேர்ந்த பதிவுகளை வைத்து நெடுநாள் விவாதித்த பின், 2022 முதல் புதிய அளவுகோல் வந்தது. உயரம் 3 பாகை, இடைவெளி 6.4 பாகை.

அந்த 6.4இல் உள்ள தசமப் புள்ளியைக் கவனியுங்கள். வழிபாட்டு நாளை நிர்ணயிக்கும் ஓர் எண்ணில் தசமப் புள்ளி வருகிறதென்றால், யாரோ உட்கார்ந்து பதிவுகளைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். பழைய எண்ணில் பிழை இருக்கிறது என்று நான்கு நாடுகளின் சமய அதிகாரிகள் ஒன்றுகூடி ஒப்புக்கொண்டதும் எளிய காரியமல்ல.

அதே 2022இல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சுவரில் தொங்கிய நாட்காட்டிகளில் நோன்புப் பெருநாள் மே 3. மே 1 இரவு அறிவிப்பு வந்தது: பெருநாள் நாளையே, மே 2. எங்கள் குடியிருப்பில் ரெண்டாங் இன்னும் அடுப்பேறாத வீடுகள் பல. பேரங்காடி நோக்கிப் பாய்ந்த கார்களைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். (அவர்களும் சிரித்தார்கள், தீபாவளிக்கு முந்திய இரவு நாம் படும் பாட்டை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.) நாட்காட்டி அச்சானது கணக்கை வைத்து. அறிவிப்பு வந்தது பிறை தென்பட்டது என்ற சாட்சியத்தை வைத்து. கணிப்பும் காட்சியும் முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது அறிவியல் படிக்கும் ஒவ்வொருவரும் ஆய்வுக்கூடத்தில் சந்திக்கும் சிக்கல். ஒரு நாடே தன் சமையலறையில் அதைச் சந்தித்தது அன்றுதான்.

இனி அல்-குவாரிஸ்மிக்கு வருவோம். 820ஐ ஒட்டி அவர் எழுதிய நூலின் தலைப்பில் உள்ள 'அல்-ஜபர்' என்ற சொல்தான் அல்ஜீப்ரா ஆயிற்று. அவர் பெயரே லத்தீனில் திரிந்து அல்கோரிதம் ஆயிற்று. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். அந்த நூலின் பெரும்பகுதி எதைப் பற்றியது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சொத்துப் பிரிப்பு! இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி யாருக்கு எவ்வளவு பங்கு என்பதற்கான கணக்குகள் அதில் பக்கம் பக்கமாக உள்ளன. ஒரு பெண் இறக்கிறார். கணவர், ஒரு மகன், மூன்று மகள்கள் இருக்கிறார்கள். கணவருக்குக் கால் பங்கு. மீதியில் மகனுக்கு மகளைப் போல் இரு மடங்கு. சொத்தை 20 பங்காக்கினால் கணவருக்கு 5, மகனுக்கு 6, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 3. இதற்கு அல்ஜீப்ரா தேவையில்லை. ஆனால் இறந்தவர் வெளியாள் ஒருவருக்குச் சொத்தில் இத்தனை பங்கு என்று உயில் எழுதிவைத்து, வாரிசு ஒருவர் அவரிடம் கடனும் பட்டிருந்தால்? அங்கேதான் தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. முதலாம் படிவத்தில் எக்ஸ், ஒய் என்று தொடங்கியபோது "இது எதற்கு?" என்று கேட்காத மாணவர் உண்டா? எதற்கு என்பதற்கான பதில் அந்தப் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது.

கூடுதல் கணிதத்தில் நாம் எழுதும் சைன் கதை இன்னும் சுவையானது. வில்லின் நாணுக்குச் சமஸ்கிருதத்தில் ஜ்யா, ஜீவா. தமிழிலும் வட்டத்துக்குள் இழுத்த கோட்டை நாண் என்றுதானே சொல்கிறோம். இந்திய வானியலாளர்கள் பாதி நாணை வைத்துக் கோணக் கணக்குப் போட்டார்கள். அது அரபுக்குப் போனபோது ஒலியைப் பின்பற்றி ஜீபா ஆயிற்று. அரபு எழுத்தில் உயிரொலிகளை எழுதாமல் விடுவது வழக்கம். பின்னால் வந்தவர்கள் அதையே ஜைப் என்று படித்தார்கள். ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு, மார்புப் பகுதி. 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு மொழிபெயர்த்தவர்கள் அதற்கு நேர்ச்சொல்லாக சைனஸ் என்று போட்டார்கள். இந்திய வில்லின் நாண் அரபு ஆடையின் மடிப்பாகி, லத்தீன் வழியாக எஸ்.பி.எம். வினாத்தாளில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. இதைப் படித்ததும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடமிருந்து எடுத்தது!" பூஜ்ஜியமும் நம்முடையது, சைனும் நம்முடையது, அவர்கள் வெறும் தபால்காரர்கள் என்ற பேச்சு. இதை நான் ஏற்க மாட்டேன். தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் பிழை திருத்துவதில்லை. இவர்கள் திருத்தினார்கள். கலீஃபா அல்-மாமூன் ஆட்சியில் (813–833) வானியலாளர்கள் கிரேக்கரான டாலமியின் நூலைப் படித்தார்கள். பூமியின் அளவு அதில் இருந்தது, ஆனால் கிரேக்க அளவையின் நீளம் சரியாக எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. என்ன செய்தார்கள்? சின்ஜார் பாலைநிலத்துக்குப் போனார்கள். ஒரு குழு வடக்கே, ஒரு குழு தெற்கே நடந்தது. துருவ விண்மீனின் உயரம் ஒரு பாகை மாறும்வரை கயிற்றால் அளந்துகொண்டே சென்றார்கள். கிடைத்த விடைகளில் ஒன்று, ஒரு பாகைக்கு 56 2/3 அரபு மைல். அந்த மைல் இன்றைய கணக்கில் எவ்வளவு என்று இப்போது நாம் விவாதிக்கிறோம், அது வேறு விஷயம். நான் நில அளவை படிக்கும் மாணவன். வெயிலில் வளாகத்துக்குள் 500 மீட்டர் அளப்பதற்கே எங்கள் குழு முனகும்.

இப்னு அல்-ஹைதம், டாலமி மீது தமக்குள்ள ஐயங்களுக்காகவே தனி நூல் எழுதினார். அல்-பிரூனி சமஸ்கிருதம் கற்று, 1030ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். இந்திய வானியலைப் புகழ வேண்டிய இடத்தில் புகழ்ந்தார், குறை சொல்ல வேண்டிய இடத்தில் தாட்சண்யம் பார்க்கவில்லை. டமாஸ்கஸின் உமய்யா பள்ளிவாசலில் 14ஆம் நூற்றாண்டில் நேரம் கணிக்கும் பணியில் இருந்தவர் இப்னு அல்-ஷாதிர். தொழுகை நேரம் சொல்வதே அவர் வேலை. அந்த மனிதர் டாலமியின் நிலாக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு புதிய அமைப்பை உருவாக்கினார். 1543இல் வெளிவந்த கோப்பர்னிக்கஸின் நூலில் உள்ள நிலா அமைப்பு கணித அளவில் அதேதான். அது எந்த வழியாகப் போலந்துவரை போனது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்த்தரப்புக் கதையும் ஒன்று உலவுகிறது. அல்-கஸாலி என்ற அறிஞர் வந்தார், இஸ்லாமிய உலகில் அறிவியல் அத்தோடு முடிந்தது என்பார்கள். அல்-கஸாலி இறந்தது 1111இல். மராகா வானாய்வகம் தொடங்கியது 1259இல். இப்னு அல்-ஷாதிர் அதற்கும் பின்பு. உலுக் பெக் சமர்கந்தில் வானாய்வகம் கட்டியது 1420களில். தேதிகளை அடுக்கினாலே இந்தக் கதை நிற்காது. அதற்காக எல்லாம் நன்றாகவே இருந்தது என்றும் சொல்ல முடியாது. இஸ்தான்புலில் தகி அல்-தீன் 1577இல் கட்டிய வானாய்வகத்தை, சுல்தான் மூன்றாம் முராதின் ஆணைப்படி 1580இல் இடித்தார்கள். கட்டியதும் அதே சமூகம், இடித்ததும் அதே சமூகம். பாடநூலில் இரண்டையும் போட வேண்டும். முதலாவதை மட்டும் போட்டால் அது விளம்பரம்.

ஜொகூரில் இருப்பவர்களுக்கு இப்னு அல்-ஷாதிரின் தொழில் நாள்தோறும் காதில் விழுகிறது. ஜொகூர் மாநிலம் தொழுகை நேரத்துக்காக நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவுர், பெமாங்கில் தீவுகள் ஒன்று. ஜொகூர் பாரு, கோத்தா திங்கி, மெர்சிங், கூலாய் ஒன்று. குளுவாங், பொந்தியான் ஒன்று. பத்து பகாட், மூவார், சிகாமட் பக்கம் ஒன்று. ஏன்? மூவார், ஜொகூர் பாருவுக்கு மேற்கே ஏறத்தாழ 1.2 பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம். ஆகவே மூவாரில் சூரியன் ஏறத்தாழ 5 நிமிடம் பிந்தி மறைகிறது. நோன்பு திறக்கக் காத்திருப்பவருக்கு 5 நிமிடம் என்பது நீண்ட நேரம். நம் கடிகாரம் கிழக்கே 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது என்பதால் ஜொகூர் பாருவில் சூரியன் உச்சிக்கு வருவதே சராசரியாகப் பகல் 1 மணிக்கு மேல்தான். அசர் தொழுகை நேரமோ நிழலின் நீளத்தை வைத்து. உச்சிவேளையில் இருந்த நிழலோடு பொருளின் உயரம் அளவுக்கு நிழல் வளரும்போது அந்த நேரம் பிறக்கிறது. இது முழுக்க முழுக்க நான்காம், ஐந்தாம் படிவக் கோணவியல். இத்தனை ஆண்டுகளாகப் பாங்கு ஒலி கேட்டு வளர்ந்த நமக்கு, அது ஒரு கணக்கின் விடை என்று ஒரு கணித ஆசிரியராவது சொல்லியிருக்கலாம்.

அந்தக் கணக்கிலும் திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது. சுபுஹ் தொழுகைக்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 பாகையில் இருக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் விடியலின் முதல் வெளிச்சம் எப்போது தெரிகிறது என்று வானின் இருளை அளக்கும் கருவிகளைக் கொண்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2019 இறுதியில் சிலாங்கூரில் அது 18 பாகையாக மாற்றப்பட்டது. நேரத்தில் ஏறத்தாழ 8 நிமிட வேறுபாடு.

கேள்வி வானத்துக்கு மேலேயும் போயிருக்கிறது. 2007 அக்டோபர் 10 அன்று ஷேக் முஸாபர் விண்வெளிக்குப் புறப்பட்டபோது ரமலான் மாதம். நாளுக்கு 16 முறை சூரியன் உதிக்கும் இடத்தில் எப்போது தொழுவது? கிப்லா எந்தத் திசை? நம் நாட்டு சமய அறிஞர்களும் விஞ்ஞானிகளும் கூடிப் பேசி அதற்கு வழிகாட்டி நூலே தயாரித்தார்கள். நேரத்துக்குப் புறப்பட்ட இடமான பைக்கோனூரின் நேரத்தைக் கொள்ளலாம். திசைக்கு முதலில் கஃபா, முடியாவிட்டால் பூமி, அதுவும் முடியாவிட்டால் எந்தத் திசையானாலும் சரி. அந்தப் பயணத்துக்கான இறுதி நால்வரில் ஒருவர் சிவா வனஜா என்ற நம் தமிழ்ப் பெண் என்பதையும் இளையவர்களுக்குச் சொல்லிவைக்கலாம்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம், ஏனென்றால் அடுத்தவர் நாட்காட்டியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம்முடையதை விட்டுவிட்டால் நியாயமில்லை. சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 அன்று நடந்தது, திருக்கணிதப் பஞ்சாங்கப்படி. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில், பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்தது. ஒரே கோள், ஒரே வானம், ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு. நம் வீடுகளில் பாட்டி ஒரு நாளையும் அத்தை இன்னொரு நாளையும் சொல்லி, "இரண்டு நாளும் விளக்குப் போட்டுவிட்டால் போச்சு" என்று முடித்துக்கொண்டார்கள். யாரும் "ஏன் இரண்டு?" என்று கேட்கவில்லை.

கேட்டவர்கள் நம் மரபில் இல்லாமல் இல்லை. கேரளத்தில் பரமேசுவரர் என்ற வானியலாளர் ஏறத்தாழ 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒத்துவராததைக் கண்டு, 1431இல் திருத்தப்பட்ட முறையை எழுதினார். அதன் பெயரே திருக்கணிதம், கண்ணால் கண்டு சரிபார்த்த கணக்கு. உலுக் பெக் சமர்கந்தில் விண்மீன்களை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை. ஆனால் இருவருக்கும் ஒரே உறுத்தல். 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கத்தைத் திருத்தும்படி வாதாடித் திருக்கணிதப் பஞ்சாங்கமே வெளியிட்டார். எனவே மனப்பாட வாக்கியங்களின் வழியே நிலாவைக் கணித்த முன்னோர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 248 வாக்கியங்களை நினைவில் வைத்து நிலாவின் இடத்தைச் சொன்னவர்கள் அவர்கள். கோயில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் சனிக்கோள் இன்றிரவு எங்கே நிற்கிறது என்பது மரபு தீர்மானிக்கும் விஷயமல்ல. தொலைநோக்கி வைத்திருக்கும் எந்த மாணவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். பொந்தியானில் நடக்கும் அந்த விவாதம் நம் பக்கம் ஏன் நடப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

ஆகவே நாகரிகப் பாடத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதில் பத்துப் பெயர்களை வெட்டிவிட்டு இரண்டு கணக்குகளைச் சேர்க்கக் கேட்கிறேன். சொத்துப் பிரிப்பு ஒன்று, பிறை ஒன்று. அதைக் கணித ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் சேர்ந்து நடத்தட்டும். பக்கத்து மலாக்காவில், தஞ்சோங் பிடாராவில், அல்-குவாரிஸ்மி பெயரிலேயே வானியல் வளாகம் இருக்கிறது. ஜொகூர் மாணவர்களுக்கு ஒரு பேருந்துப் பயணத் தூரம். பிறையைக் குறிக்கத் தமிழில் நமக்குச் சொல் தேடவும் வேண்டாம், மூன்றாம் பிறை பார்த்துக் கும்பிட்டு வளர்ந்தவர்கள்தான் நாம்.

அதுவரை காத்திருக்க விரும்பாதவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஆண்டுதோறும் மே 28 அன்று மலேசிய நேரப்படி மாலை 5.16க்கும், ஜூலை 16 அன்று மாலை 5.28க்கும் சூரியன் மக்காவின் நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நேரத்தில் செங்குத்தாக நிற்கும் எந்தக் கம்பத்தின் நிழலும் கிப்லா கோட்டில் விழும். சூரியன் நிற்கும் பக்கம் மக்கா. பள்ளிவாசல்களின் திசையை இப்படித்தான் சரிபார்க்கிறார்கள். ஜொகூர் பாருவில் ஒரு மீட்டர் குச்சியை வெட்டவெளியில் நட்டு, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அது நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிழல் ஏறத்தாழ 2.17 மீட்டர் வரும். கால்குலேட்டரில் 1ஐ 2.17ஆல் வகுத்து, டேன்ஜென்டின் தலைகீழை அழுத்தினால் சூரியனின் உயரம் கிடைக்கும், 25 பாகைக்குச் சற்றுக் குறைவு. அதை 90இலிருந்து கழியுங்கள். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர், சின்ஜாரில் கயிறு பிடித்து நடந்தவர்கள் தேடிய அதே எண். பெருக்கினால் ஜொகூர் பாருவுக்கும் மக்காவுக்கும் உள்ள தூரம், ஏறத்தாழ 7,250 கிலோமீட்டர். உங்கள் விடை அதிலிருந்து நூற்றுக்கணக்கில் தள்ளிப்போனால் முதலில் குச்சியைப் பாருங்கள், சாய்ந்திருக்கும்.